சேஃப்டிக்கு ஒண்ணு

பதினோரு வருஷம் பத்து மாதம் கழித்து தேசிங்கு ‘கட்’ என்றான். சொல்லி முடிக்க அவனுக்குப் பத்து நாள் ஆனது.

முதல் மூன்று நாள் வாய் திறந்தது. அடுத்த நாலு நாள் திறந்தபடியே இருந்தது. அதற்கப்புறம் நாக்கு மெல்ல மேலே போய் ஒட்டிக்கொண்டது. எட்டாம் நாளே பெனிட்டாவுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஓடைமேடு சந்திப்பில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கவாட்டில், நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் அழுதாள். அந்த இடத்தில் அவள் தேய்த்த ஏழாவது நாற்காலி அது.

எதிரே ஸ்கூட்டர்களுக்கு சார்ஜ் போடும் கடை வைத்திருந்த ரமீலாக்கா கையைத் துடைத்துக்கொண்டே சாலையைத் தாண்டி வந்தாள்.

“இன்னா கண்ணு, சொல்ட்டாரா?”

“சொல்லிட்டார்க்கா.”

“வாய தொறந்து ஒரு வார்த்தை சொல்ல இத்தினி நாளு. எங்க ஊட்டுக்காரரே தேவல.”

பெட்டிக்குள் மூன்று பேர் இருந்தார்கள். நேத்ரா என்ற பாடகி, இருபத்தொரு வயது, மேம்பாலத் தூண்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்கு எதிரே கேமராவோடு வீரபாகு. வீரபாகுவின் தோளுக்குப் பக்கத்தில் இயக்குநர் தேசிங்கு, இருபத்தொன்பது வயது, பெனிட்டாவின் கணவன். மூன்று பேரும் சிலை போல இருப்பதாக வழிப்போக்கர்கள் சொல்வார்கள். அது தப்பு. தினமும் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும், அவர்கள் எவ்வளவு அவசரமாக வேலை பார்க்கிறார்கள் என்று.

பெட்டிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்த பெயர் நீளமானது. ஓடைமேட்டில் அதை நிதானப்பெட்டி என்றார்கள். உள்ளே ஒரு நொடி போனால் வெளியே இருபத்துநாலு நாள் போகும்.

*

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நாட்டில் தினமும் பதினோரு கோடி மியூசிக் வீடியோ பிறந்துகொண்டிருந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு வரி சொன்னால் போதும்; வாய் கொப்பளிப்பதற்குள் இயந்திரம் பாட்டும் போட்டு, படமும் எடுத்து, நூறு பேரை ஆடவும் விட்டுவிடும். பார்க்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் நிஜமான கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த கடைசிச் சில பேரில் தேசிங்கும் ஒருவன். பாட்டுக்குக் கண் வைப்பதுதான் நம் வேலை என்பான். ஒரு பாட்டு முழுக்க ஒரே ஒரு பஸ் கண்டக்டரின் விரல்களை மட்டும் காட்டியிருக்கிறான். இன்னொரு பாட்டில் நாற்பது கல்யாண மண்டபங்களின் கை கழுவும் இடங்கள். இரண்டையும் பார்த்தவர்கள் மொத்தம் எண்பத்திரண்டு பேர். அதில் பன்னிரண்டு தடவை பார்த்தவள் பெனிட்டா. பிறகு அவனிடமே உதவி இயக்குநராகச் சேர்ந்தாள்.

அவனிடம் ஒரே ஒரு வியாதி இருந்தது. ஒரு டேக் நன்றாக வந்துவிட்டாலும், “ஓகே, சேஃப்டிக்கு ஒண்ணு” என்று இன்னொன்று எடுப்பான். இது தொழிலில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். முதலாவதில் ஏதாவது கோளாறு தெரிந்தால் இரண்டாவது கை கொடுக்கும் என்று பேச்சு. கை கொடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் தேசிங்குக்கு அது தொழிலோடு நிற்கவில்லை. சாம்பார் நன்றாக இருந்தால் சேஃப்டிக்கு ஒரு கரண்டி. கதவைப் பூட்டினால் சேஃப்டிக்கு இன்னொரு இழுப்பு. பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணம் நடந்தபோது, கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே கொஞ்சம் இடம் இருந்ததைப் பார்த்து சேஃப்டிக்கு இன்னொன்று போட்டான். பதிவாளர் அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுத வேண்டியிருந்தது.

பெட்டியின் யோசனை பெனிட்டாவுடையது. அதை அவளால் மறுக்க முடியாது, பின்னாட்களில் எவ்வளவோ முயன்றும்.

ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த முனைவர் பர்வீன் அந்தப் பெட்டியைச் செய்தது உறுப்பு மாற்றத்துக்குக் காத்திருக்கும் நோயாளிகளுக்காக. உள்ளே படுக்க வைத்தால் அவர்களுக்கு ஒரு மணி நேரம். வெளியே கல்லீரல் கிடைக்கிற வரைக்கும் வருஷக்கணக்கில் தேடலாம். ஆனால் அதை நம்பி உள்ளே போக நோயாளிகள் யாரும் முன்வரவில்லை. ஆரோக்கியமான மனிதர்கள் யாராவது போய்விட்டு வந்து, ஊரறிய நன்றாக இருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. பர்வீன் மேடத்தை ஒரு பேட்டிக்காகப் படம் பிடிக்கப் போன இடத்தில்தான் பெனிட்டா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“மேடம், ஸ்லோமோஷன் பாட்டு எடுக்கும்போது நாங்க ஒரு தில்லுமுல்லு பண்ணுவோம். செட்ல பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டு, ஆளையும் அதே வேகத்துல பாட வெப்போம். அப்புறம் படத்தை மெதுவாக்கினா வாய் சரியா ஒட்டும், ஆனா முடி, துணி எல்லாம் மிதக்கும். இங்க ஆளை விட்டுட்டு உலகத்தை வேகமா ஓடவிட்டா?”

பர்வீன் கண்ணாடியைக் கழற்றினார். “உள்ளேருந்து பார்த்தா வெளியே அப்படித்தான் தெரியும். எவ்வளவு வேகம் வேணும்?”

“ஒரு ஃப்ரேமுக்கு ஒரு நாள்.”

கணக்கு தானாக வந்து உட்கார்ந்தது. சினிமாவில் நொடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம், அதாவது இருபத்துநாலு படம், என்றால் நொடிக்கு இருபத்துநாலு நாள். கேமராவின் கண் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாதி நேரம் திறந்திருக்கும், பாதி நேரம் மூடியிருக்கும். அப்படியென்றால் பகல் முழுக்கத் திறப்பு, ராத்திரி முழுக்க மூடல். நடப்பவர்கள், ஓடும் வண்டிகள் எல்லாம் கரைந்து காணாமல் போவார்கள். நிற்பது மட்டும்தான் படத்தில் விழும். கன்று மரமாகும். கட்டடம் முளைக்கும். அதற்கு முன்னால் ஒரு பெண், ஒரு முடி நரைக்காமல், மூன்று நிமிடம் பாடுவாள். கிராஃபிக்ஸ் கிடையாது, இயந்திரம் கிடையாது. மூன்று நிமிடத்துக்கு 4320 நாள்.

தேசிங்கு அன்று முழுக்க ஊரைச் சுற்றினான். மறுநாள் காலையில் ஓடைமேடு சந்திப்பைக் கண்டுபிடித்திருந்தான். அங்கே மேம்பாலத்துக்கு நாலு தூண் எழுந்து நின்றது. பாலம் முழுதாக வளர்வதை ஒரே டேக்கில் எடுத்துவிடலாம் என்றான். அவனுக்கு அப்போது வயது குறைவு.

வெளியே ஒருவர் இருந்தாக வேண்டும். பின்னணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் ஃப்ரேமுக்குள் பேனர் கட்டாமல், வேப்பங்கன்றை ஆடு மேயாமல், கண்ணாடியில் சுவரொட்டி ஒட்டாமல் காவல் காக்க வேண்டும். பிறகு கன்டினியூட்டி படம்: உள்ளே இருப்பவர்களின் முடி, உடை, நிற்கும் இடம் எதுவும் மாறவில்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்து வைக்கும் படம். அது எப்போதுமே உதவி இயக்குநரின் வேலை.

“நீதான் சரி,” என்றான் தேசிங்கு. “உன்னை விட்டா எனக்கு வேற யார் மேலயும் நம்பிக்கை இல்ல.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் வயதில் அவள் இருந்தாள். இருபத்துநாலு.

அடுத்த வீடியோ அவளுடையது என்று முடிவானது. வியாழக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை ஷூட்டிங். நான் வெளியே வரும்போது நீ எனக்கு அக்கா மாதிரி இருப்பே என்று அவன் கிண்டல் செய்தான். இப்பவே அப்படித்தானே என்றாள் அவள். நேத்ராவின் அம்மா பெட்டியைச் சுற்றிச் சூடம் காட்டினாள். வீரபாகு மூன்று கல்யாணத் தரகர்களிடமிருந்து தப்பித்த சந்தோஷத்தில் முதல் ஆளாக உள்ளே போய்விட்டான். கதவை மூடுவதற்கு முன்னால் பெனிட்டா தேசிங்கின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒரே டேக்.”

“ஒரே டேக்.”

“சேஃப்டி கிடையாது.”

“பைத்தியமா நான்? அது உன் பன்னெண்டு வருஷம்டி.” அவள் கன்னத்தைத் தட்டினான். “மூணே நிமிஷம். வந்துடுவேன்.”

அவன் மூணு நிமிஷம் என்று சொன்னபோது அவளுக்கும் மூணு நிமிஷம் என்றேதான் கேட்டது. உள்ளே ஒரு மஞ்சள் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பெட்டியின் நேரம் மெதுவாகும். மறுபடி அழுத்தினால் ஊரின் நேரத்துக்குத் திரும்பும். அது உள்ளே மட்டும்தான் இருந்தது. தேசிங்கு வீரபாகுவைப் பார்த்தான், நேத்ராவைப் பார்த்தான், பொத்தானை அழுத்தினான்.

*

பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. பன்னிரண்டு வருஷம் நடந்தது.

உள்ளேயிருந்து வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே வரும் என்பதால் ஒரு கன்டினியூட்டி படம் விழ ஒரு பகல் முழுக்க வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு முக்காலி மேல் இருக்கும் கேமராவைத் திறப்பாள். மாலை ஆறு மணிக்கு மூடுவாள். நடுவில் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல். மடியில் கணினியை வைத்து யார் யாருடைய காதுகுத்து வீடியோவையோ வெட்டி ஒட்டிப் பிழைத்தாள். சாப்பிடவும் அவசரத்துக்கும் ரமீலாக்கா கடை. ஒரு நாளைக்கு ஒரு படம், ஒரு ஃப்ரேம்.

வேப்பங்கன்று மரமானது. மேம்பாலத்தின் நாலு தூண் ஐந்தானது. பிறகு ஐந்தாவது தூண் தப்பான இடத்தில் நிற்கிறது என்று இடித்து மறுபடியும் நாலாக்கினார்கள். வெள்ளம் வந்தது, நாலு ஃப்ரேம். வீரபாகுவின் தரகர்களில் ஒருவர் மட்டும் விடாமல் வருஷத்துக்கு ஒரு ஜாதகம் கொண்டுவந்து கண்ணாடியில் காட்டிவிட்டுப் போனார். தேசிங்கு ஒரு தடவை கண் சிமிட்ட ஐந்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளும் வீடு பூட்டிக் கிடப்பது போல அவளுக்கு இருக்கும்.

ஆறாவது வருஷம் தூத்துக்குடியில் அம்மா இறந்துபோனாள். பெனிட்டா போய் அடக்கம் முடித்துத் திரும்பினாள். ரமீலாக்கா காலையும் மாலையும் கேமராவை மட்டும் திறந்து மூடினாள். மூன்று ஃப்ரேம்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. அந்த மூன்று நிமிடத்தில் தேசிங்கு ஒரு முறைகூடப் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவில்லை. டேக் ஓடும்போது இயக்குநர் நடிகரைத் தவிர வேறெங்கும் பார்க்கக் கூடாது என்பது நியாயம்தான். அவளே மற்ற உதவி இயக்குநர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

*

‘கட்’டுக்குப் பிறகு ‘ஓகே’ வந்தது. உதடு குவிந்தது, பிறகு விரிந்தது. பன்னிரண்டு நாள்.

அதற்கப்புறம் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஒன்றரை மாதம் அந்தச் சிரிப்பு வளர்ந்தது. ஓடைமேடே வந்து பார்த்துவிட்டுப் போனது. பெனிட்டா தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டாள். பிறகு எதற்கு என்று தோன்றி விட்டுவிட்டாள். ரமீலாக்கா பிரியாணிக்கு அரிசி ஊறப்போடுவதற்கு நாள் குறித்தாள். இனி அவன் கை மஞ்சள் பொத்தானுக்குப் போக வேண்டும். ஆறு நாளில் போய்விடலாம், எட்டு நாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கை போகவில்லை. வாய் மறுபடி திறந்தது.

அன்றன்று எடுத்த படத்தை மாலையில் இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தார்கள். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது.

“இன்னாவோ ‘செ’ன்னு வருது. ‘செல்லம்’னு கூப்புட்றாரு போல,” என்றாள் ரமீலாக்கா.

“‘சே’ மாதிரி இருக்குக்கா.”

“‘சேர்ந்து ஊட்டுக்குப் போலாம்’னு சொல்றாரோ?”

ஆறாம் நாள் படத்தில் தேசிங்கின் கீழுதடு மேல் பற்களுக்கு அடியில் போய் நின்றது.

பெனிட்டா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்லத்தில் அந்த எழுத்து இல்லை. சேர்ந்து போவதிலும் இல்லை. அவள் கை, தேநீர் டம்ளரை மேசைமேல் வைப்பதாக நினைத்துக்கொண்டு, காற்றில் வைத்தது. டம்ளர் உடைந்தது.

“இன்னா கண்ணு? இன்னாச்சு?”

“சேஃப்டிக்கு ஒண்ணு,” என்றாள் பெனிட்டா.

ரமீலாக்காவுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அவள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, சார்ஜ் போட வந்திருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிக் கடையை மூடினாள். பன்னிரண்டு வருஷத்தில் பகலில் அந்தக் கடை மூடியது அன்றுதான்.

பர்வீன் மேடம் ஓய்வு பெற்றிருந்தார். மறுநாளே ஆட்டோ பிடித்து வந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளியிலிருந்து நிறுத்த வழியே இல்லையா என்று பெனிட்டா கேட்டாள்.

“மின்சாரத்தை நிறுத்தினா பெட்டி ஒரே சமயத்துல முழிக்காது பெனிட்டா. மூளை ஒரு நேரத்துல இருக்கும், இதயம் இன்னொரு நேரத்துல இருக்கும். மூணு பேரையும் வெளியே தூக்கிட்டுத்தான் வரணும்.”

“அவன் ஒரே டேக்னு சொன்னான் மேடம்.”

“தெரியும். ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கார்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு இடத்துல.”

பிறகு பர்வீன் மெதுவாகச் சொன்னார்: உள்ளே அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை. யோசித்துச் சொன்னதாக இருக்காது. வாய் தானாகச் சொல்லியிருக்கும். தும்மல் மாதிரி.

பெனிட்டா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே செய்திருந்தால்கூடத் திட்டலாம். தும்மலை யார் திட்டுவது?

இன்னொரு பன்னிரண்டு வருஷம் என்றால் அவளுக்கு நாற்பத்தெட்டு. அதுவும் உடனே ஆரம்பித்தால். நேத்ராவுக்கு முகத்தில் டச்சப் போட ஒரு நிமிடம் எடுத்தால் அதற்கே நாலு வருஷம்.

பொத்தானை அவன்தான் அழுத்த வேண்டும். அவன் அழுத்த வேண்டுமென்றால் அவன் பார்க்க வேண்டும். ஒரு பலகையில் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக ‘வேண்டாம்’ என்று எழுதினாள். அதை அவன் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும். அவன் கண் இருந்த திசை நேத்ராவின் முதுகுப் பக்கம். தூண்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவில். பன்னிரண்டு வருஷமாக அவள் ஒரு காக்காயைக்கூட நிற்க விடாத இடம்.

போய் நின்றாள்.

அசைந்தால் கரைந்துவிடுவாள். அதனால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மரத்தோடு மரமாக நின்றாள். இடுப்புக்கு ரமீலாக்கா ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்தாள். கன்டினியூட்டி கேமராவையும் அவளே திறந்து மூடினாள். இருபத்துநாலு நாள் நின்றால் அவனுக்கு ஒரு நொடி. முதல் நொடியில் அவன் கண்மணி நகர்ந்தது. இரண்டாவது நொடியில் புருவம் உயர்ந்தது. ஒரு வாரம் உயர்ந்தது. மூன்றாவது நொடியில் அவன் அவளை நேராகப் பார்த்தான். பெனிட்டாவுக்கு அது போதும் போலிருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதே இருபத்தொன்பது வயது முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, நாள் முழுக்க, நாள் முழுக்க.

வாய் திறந்தது. உதடு சேர்ந்து பிரிந்தது. ‘பெ’. பிறகு ‘னி’.

“உன் பேருதான் கண்ணு,” என்று ரமீலாக்கா மாலையில் படத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். “கூப்புட்டாரு பாரு.”

மீதிச் சொற்கள் வர ஒரு மாதம் ஆனது. கடைசி எழுத்து முடிகிறவரை பெனிட்டா பலகையைக் கீழே இறக்கவில்லை. முடிந்த அன்று மாலை படங்களை வரிசையாக வைத்துப் படித்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. செட்டில் உதவி இயக்குநர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஆயிரம் முறை கேட்டிருக்கும் வாக்கியம் அது.

“பெனி, ஃப்ரேம்ல நிக்கிறே.”

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பலகையோடு அதே இடத்துக்குப் போனாள். அங்கே நின்றதும் கால்கள் தாமாகவே இரண்டடி இடப்பக்கம் நகர்ந்துகொண்டன, ஃப்ரேமுக்கு வெளியே. சொன்னால் நகர்ந்துவிடுவது பழக்கம். நகர்ந்த பிறகுதான் தான் நகர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தும்மலைத் திட்ட முடியாதது போலத்தான் இதையும் என்று நினைத்துப் பார்த்தாள்.

*

அவளால் அப்போதும் நம்ப முடியவில்லை. அன்று மதியம் அந்த வாக்கியத்தை மறுபடி பார்ப்பதற்காக, மொத்தக் கன்டினியூட்டி படங்களையும் கணினியில் ஏற்றினாள். 4536 படம். நொடிக்கு இருபத்துநாலாக ஓடவிட்டாள். எடிட் செய்கிறவளின் கை சும்மா இருக்காது; அடியில் நேத்ராவின் பாட்டையும் போட்டுவிட்டது.

நேத்ரா பாடினாள். உண்மையாகவே பாடினாள். உதடு அச்சு அசலாகப் பாட்டோடு ஒட்டியது. ஒரு நாளைக்கு ஒரு படம்தானே எடுத்தாள். ஒரு நாள்தானே ஒரு ஃப்ரேம். பன்னிரண்டு வருஷமாகத் தான் எடுத்துக்கொண்டிருந்தது அத்தாட்சி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஆனால் ரமீலாக்கா பார்த்தது நேத்ராவை அல்ல.

“இது யாரு, கண்ணாடில?”

பக்கவாட்டுக் கண்ணாடியில், பாடுகிறவளின் உடம்பு வழியாகவே, ஒரு நீல நாற்காலி பிரதிபலித்தது. நாற்காலியில் ஒரு பெண். சாலையில் போன லட்சக்கணக்கான பேர் கரைந்துவிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவள் மட்டும் விழுந்திருந்தாள். பல்லவியில் அவளுக்கு இரட்டைப் பின்னல். முதல் சரணத்தில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு கணம், கண் சிமிட்டினால் தவறிவிடும், நாற்காலி காலியாகி மறுபடி நிறைந்தது. நிறைந்தபோது அவள் வேறொருத்தியாக இருந்தாள். இரண்டாவது சரணத்தில் காதோரம் வெளுத்தது. நாற்காலி ஆறு முறை புதிதானது, உட்கார்ந்தவள் ஆகவில்லை. பாட்டு முடிந்து ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். நாற்காலி காலியானது. படத்தின் ஓரத்தில் பலகையும் கையுமாக அவள் தோன்றினாள். அவன் இன்னும் ஏதோ சொன்னான். அவள் ஓரத்திலிருந்தும் போய்விட்டாள். படம் நின்றது. மூன்று நிமிடம் ஒன்பது நொடி.

ரமீலாக்கா படத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.

பெயர் வைக்கத் தோன்றாமல் ‘கன்டினியூட்டி’ என்றே போட்டு வெளியிட்டாள். முதலில் வந்த கேள்வி, எந்த மெஷின்ல பண்ணீங்க என்பது. இரண்டாவது கேள்வி, அந்த அம்மா யாரு. மூன்றாம் நாள் ஓடைமேட்டில் நிற்க இடமில்லை. நாடு முழுக்க வாயில் பிரஷ்ஷோடு அசையாமல் நின்று பார்த்ததாகச் செய்தி போட்டார்கள். நாற்காலி காலியாகும் மூன்று ஃப்ரேமை யாரோ நிறுத்திப் பார்த்து, அங்கே என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். பெனிட்டா அதற்கு மட்டும் பதில் போட்டாள்: எங்கம்மா.

தனக்கென்று முடிவான அடுத்த வீடியோவை எடுக்க ஓடைமேட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்தாள். ஒரு பெரிய திரையை வாங்கி, பெட்டிக்கு வெளியே நேத்ராவுக்கு வலப்பக்கம், ஃப்ரேம் முடியும் கோட்டுக்குச் சரியாக ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தினாள். அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கேமராவில் விழாது. இயக்குநர் கண்ணில் படும். அதில் ‘கன்டினியூட்டி’யை ஓடவிட்டாள், ஒரு நாளைக்கு ஒரு படம். அவனுக்கு அது சரியான வேகத்தில் தெரியும்.

“அவரு டேக்கைப் பாப்பாரா, உன்னப் பாப்பாரா?” என்று கேட்டாள் ரமீலாக்கா.

“தெரியலக்கா. நான் அவர் ஃப்ரேமைக் கெடுக்கல. அவ்வளவுதான்.”

“வெளிய வந்து உன்ன எங்கன்னு கேட்டா?”

நாற்காலியை மடக்க முடியாது, அது பிளாஸ்டிக். பெனிட்டா அதைத் தூக்கி ரமீலாக்கா கடைக்குள் வைத்தாள்.

“அவ வேலையா இருக்கான்னு சொல்லுங்க.”

*

ஐந்தாவது மாதம், தூத்துக்குடி உப்பளத்தில் உச்சி வெயிலில் பெனிட்டா தன் முதல் வீடியோவை எடுத்துக்கொண்டிருந்தாள். உப்பு வாரும் பெண்கள் பன்னிரண்டு பேர், நிஜமான கேமரா ஒன்று, ஒரே நீண்ட டேக். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ரமீலாக்காவிடமிருந்து ஒரு படமும் குரல் செய்தியும் வந்தன. டேக் முடிந்து கட் சொன்ன பிறகுதான் கேட்டாள்.

“கண்ணு, அவரு முகம் ஸ்கிரீன் பக்கம் திரும்பிட்ச்சு. கண்ணுல தண்ணி மாதிரி ஒண்ணு மினுங்குது. சோத்தாங்கை மேல கெளம்புது. மஞ்ச பொத்தான் கிட்ட போற மாதிரியும் கீது, ஆக்‌ஷன் சொல்ல கை தூக்குற மாதிரியும் கீது. பத்து நாள் போனா தெரிஞ்சுடும். கெளம்பி வர்றியா?”

படத்தைப் பெரிதாக்கினாள். கை பாதி வழியில் இருந்தது. அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பி உப்பின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

“மேடம்,” என்று கேமராமேன் கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. “சூப்பரா வந்திருக்கு மேடம். ஓகேதானே?”

“ஓகே.”

“சேஃப்டிக்கு ஒண்ணு போயிடலாமா?”

உப்பு வாரும் பெண்கள் வாரும் கட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்கள். மொத்தக் குழுவும் அவள் வாயைப் பார்த்தது.

“வேணாம்,” என்றாள் பெனிட்டா. “எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”